வெண்மை எல்லாம் தூய்மையன்று



உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கை என்றைக்கேனும் கழற்றி, அதன் முகத்தை உற்றுப் பார்த்ததுண்டா? பிள்ளைகளுக்கு அலிஃப், பே, தே சொல்லிக் கொடுக்கும் ஒருவனுக்கு மெக்கானிக் கடைச் சமாச்சாரத்தில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். வேலை இருக்கிறது. அதை அறியாதிருந்த காலத்தில் என் குடும்பத்தையே நடுச்சாலையில் தள்ளப் பார்த்தவன் நான். இன்றும் என் மூத்த மகனின் முகவாயில் நான்கு தையல்களின் தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்பின் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

என் அத்தா ராயப்பேட்டையில் சிறியதொரு தையற்கடை நடத்தி வந்தவர். அவர் எனக்கு விட்டுச் சென்ற சொத்து என்று சொன்னால், ஒரு தையல் இயந்திரமும் 1986-ஆம் ஆண்டு மாடல் என்ஃபீல்டு புல்லட் ஒன்றும்தான். புல்லட் நம் சென்னையின் பிள்ளை. இங்கிலாந்தில் பிறந்த வண்டியை இங்கே கட்டுவதற்காக மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டில் 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மறைந்து போன பின்னரும், பிள்ளை இங்கே உயிரோடு ஓடிக் கொண்டிருந்தது. அந்த வண்டியில் அத்தா கியர் போடுவது வலக்காலில்; பிரேக் மிதிப்பது இடக்காலில். ஓட்டக் கற்றுக் கொடுத்தபோது அவர் எனக்குச் சொன்ன அறிவுரை ஒன்றே ஒன்று: "க்ளட்ச்சு மேலே ரெண்டு விரல் எப்பவும் இருக்கணும்டா." ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

2008-ஆம் ஆண்டு. எனக்கு மணமாகி மகனுக்கு ஐந்து வயது. ராயப்பேட்டையில் குடியிருந்து அடையாறு பக்கம் மதரஸாவுக்குப் போய் வந்து கொண்டிருந்தேன். மதரஸா ஊழியரின் ஊதியம் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெட்ரோல் லிட்டர் ஐம்பது ரூபாயை ஒட்டி நின்ற காலம். லிட்டருக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் கொடுத்துக் கொண்டிருந்த புல்லட்டை இன்னும் கொஞ்சம் கொடுக்க வைக்கலாமே என்று ஆசை பிறந்தது. நண்பர் ஒருவர் வழி சொன்னார். கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் காற்றுத் திருகை வெளிப்பக்கம் திருப்பினேன். உள்ளே இருக்கும் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றி, ஊசியைக் கீழிறக்கினேன். அத்துடன் விட்டேனா? ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் சென்று, அளவில் சிறிய மெயின் ஜெட் ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். வண்டி நாற்பதைத் தாண்டியது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். எப்போதும் கரிபடிந்து இருக்கும் பீங்கான் மூக்கு, சலவை செய்த சட்டை போல வெள்ளை வெளேரென்று இருந்தது. "பார்த்தாயா, எவ்வளவு சுத்தமாக எரிகிறது!" என்று என் துணைவியாரிடம் காட்டிப் பெருமையடித்தேன். அவர் பிளக்கைப் பார்க்கவில்லை. "அது கிடக்கட்டும். சிக்னலில் நிற்கும்போது இருமுகிறதே, அது என்ன? முன்னே இந்தச் சத்தம் இல்லையே" என்றார். "உனக்கு ஏதாவது கேட்டுக் கொண்டேயிருக்கும்" என்று சிரித்து ஒதுக்கினேன். வாசகர்களே, அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கோவளம் சென்று திரும்பிக் கொண்டிருந்தோம். மகன் என் முன்னே டேங்கின்மீது, துணைவியார் பின்னே. தலைக்கவசம் என் தலையில் மட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உச்சி வெயில். அஸர் வக்தில் மதரஸாவுக்குப் போயாக வேண்டும் என்ற அவசரத்தில் ஆக்ஸிலேட்டரை முக்காலுக்கு மேல் திருகிப் பிடித்தபடியே வந்தேன். திருவான்மியூரை நெருங்கும்போது வண்டி எதையோ கண்டு தயங்குவது போல இழுத்தது. மறுகணம் பின்சக்கரம் கட்டையாக நின்று தேய்ந்தது. விரல்கள் தாமாகவே க்ளட்ச்சை அழுத்தின. சக்கரம் விடுபட்டது, ஆடி ஆடிச் சாலையோர மணலில் சாய்ந்தோம். பின்னால் வந்த பேருந்து ஹாரன் அலற எங்களைக் கடந்து போயிற்று. மகனின் முகவாய் ஹெட்லைட் மூடியின் விளிம்பில், அந்த ஆம்பியர் மீட்டர் இருக்குமே, அங்கே மோதிப் பிளந்திருந்தது. துணைவியார் முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு ஒன்றுமில்லை. அத்தாவின் இரண்டு விரல் பாடத்திற்குப் பொருள் அன்றைக்குத்தான் விளங்கிற்று.

மகனுக்குத் தையல் போட்டு வீட்டில் விட்டபின், ஒரு சிறிய டெம்போவில் வண்டியை ஏற்றி, மயிலாப்பூரில் அத்தாவுக்குப் பழக்கமான வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் எஞ்சினைத் தொடவேயில்லை. ஸ்பேனரை எடுத்துப் பிளக்கை மட்டும் கழற்றி, சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

"நீங்களே படிங்க பாய்."

வெள்ளைப் பீங்கானில் நுண்ணிய கொப்புளங்கள். மின்முனையின் ஓரங்கள் உருகி மழுங்கியிருந்தன. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சாம்பல் நிறத்தில் ஊசிமுனையளவு மணிகள் ஒட்டிக் கொண்டிருந்தன.

"அது என்ன தெரியுதா? உங்க பிஸ்டன். கொஞ்சம் கொஞ்சமா உருகி வந்து ஒட்டியிருக்கு. பொசுங்குது பொசுங்குதுன்னு இது உங்ககிட்ட ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்திருக்கு. நீங்க வெள்ளையா இருக்குன்னு சந்தோசப்பட்டுட்டீங்க."

நான் வரலாற்றுப் பாடத்தில் பட்டம் பெற்றவன். சான்றுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று மூன்றாண்டுகள் பயின்றவன். கல்வெட்டையும் நாணயத்தையும் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு, தன் கையிலிருந்த சான்றைப் படிக்கத் தெரியவில்லை! பிஸ்டன் மாற்றி, சிலிண்டர் கடைந்து வண்டி திரும்பி வந்தபோது, நான் பெட்ரோலில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு செலவாகியிருந்தது. ஆயினும் அந்த மெக்கானிக் எனக்குச் சொல்லித் தந்த பாடத்துக்கு விலை போட இயலாது. அதை உங்களுக்கும் சொல்லி விடுகிறேன்.

கலவையின் கணக்கு

பெட்ரோல் தனியாக எரிவதில்லை. காற்றோடு கலந்தே எரிகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்கிட்டால், சுமார் 9,000 லிட்டர் காற்று! இந்தக் கலவையைச் சேர்த்துத் தருவதுதான் கார்புரேட்டரின் பணி. பெட்ரோல் மிகுந்தால், எரியாத பகுதி கரியாகிப் பிளக்கில் படியும், வண்டி புகையும், செலவு கூடும். காற்று மிகுந்தாலோ, ஆபத்து வேறு விதமானது. உள்ளே வரும் பெட்ரோல் ஆவியாகும்போது எஞ்சினுக்குக் குளிர்ச்சி தருகிறது. அது குறைந்தால் குளிர்ச்சியும் குறையும். மெலிந்த கலவை மெதுவாக எரிவதால் வெப்பமும் நீண்ட நேரம் உள்ளேயே நிற்கும். காற்றினால் குளிரும் எஞ்சினில், சுமையோடும் வேகத்தோடும் போகையில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பற்றிக் கொள்ளும். எனக்கு நேர்ந்தது இதுதான். கரியினால் வருவது செலவு. வெண்மையினால் வருவது விபத்து.

பிளக்கின் பீங்கான் மூக்கு எரியும் அறைக்குள்ளேயே இருப்பதால் அங்கு நடப்பது அனைத்துக்கும் அது நேர்சாட்சி. அது ஏறத்தாழ 450 முதல் 850 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் படியும் கரி தானாக எரிந்து நீங்காது. அதற்கு மேலே போனால் தீப்பொறி பாயும் முன்பே கலவை பற்றிக் கொள்ளும். இளம் பழுப்பு, அதாவது டீயில் நனைத்த பிஸ்கட்டின் நிறம் இருந்தால் நலம். உலர்ந்த பஞ்சுக் கரி என்றால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்று வடிகட்டி அடைபட்டிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்குடன் ஈரமான கறுப்பு என்றால் குற்றவாளி கார்புரேட்டர் அல்ல. தேய்ந்த பிஸ்டன் வளையங்கள் அல்லது வால்வு வழியாக எஞ்சின் ஆயில் ஏறுகிறது. சுண்ணாம்பு வெள்ளையும் கொப்புளமும் என்றால் உடனே வண்டியை நிறுத்துங்கள்.

ஆனால் இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. வண்டிக்கு ஏற்ற பிளக்கே மாட்டப்பட்டிருக்க வேண்டும். பீங்கான் மூக்கு நீண்டிருப்பது சூட்டைத் தேக்கும் பிளக். குறுகியிருப்பது சூட்டை விரைவில் கடத்தும் பிளக். இதை அவற்றின் எண் குறிக்கும். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடக் கூடக் குளிர்ச்சியானது. பாஷ் நிறுவனத்தின் இக்காலப் பிளக்கில் எண் குறையக் குறையக் குளிர்ச்சியானது. இதை அறியாமல் கிடைத்ததை மாட்டினால் சாட்சியே பொய்ச்சாட்சி ஆகிவிடும்.

சாட்சியை விசாரிக்கும் முறை

எனக்கு அவர் சொன்னவற்றுள் மிக முக்கியமானது இது: பிளக் கடைசியாக நடந்ததையே சொல்லும். தியாகராய நகர் உஸ்மான் சாலையின் நெரிசலில் கால்மணி நேரம் ஊர்ந்து வந்த பின் கழற்றினால், எந்த வண்டியின் பிளக்கும் கறுத்துத்தான் இருக்கும். அதைக் கண்டு பெட்ரோலைக் குறைப்பது, காய்ச்சல்காரனின் சட்டையைப் பார்த்து மருந்து கொடுப்பது போன்றது.

ஒரு நாள் சுப்ஹு தொழுகைக்குப் பின் அவர் என்னைக் காமராஜர் சாலைக்கு அழைத்துச் சென்றார். அந்நேரத்தில் கடற்கரைச் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. புதிய பிளக்கை மாட்டி, உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் நோக்கி, ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் பிடித்து ஓட்டச் சொன்னார். அவர் தோளைத் தட்டியதும் க்ளட்ச்சைப் பிடித்து, அதே நொடியில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, உருண்டபடியே ஓரங்கட்ட வேண்டும். எஞ்சினை வெறுமனே ஓட விடக்கூடாது. சூடு தணியும் வரை கடற்காற்றில் காத்திருந்தோம். சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை கெட்டுப் போகும் என்றார். கழற்றும் முன், சுற்றிலும் இருந்த மணலை ஊதித் தள்ளினார். அப்போது கிடைத்த நிறமே அந்த வேகத்தின் உண்மை நிறம்.

ஆக்ஸிலேட்டரின் ஒவ்வோர் அளவுக்கும் கார்புரேட்டரில் ஓர் அதிகாரி உண்டு. வெறுமனே ஓடும்போதும் மிகச் சிறிய திறப்பிலும் பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். ஆகவே எந்த அளவில் குறை தெரிகிறதோ, அந்த அதிகாரியிடம்தான் முறையிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். நான் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றியவன்! "மூணு பேர்கிட்ட ஒரே நேரத்துல விசாரிச்சா யார் சொன்னது நிஜம்னு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார். வரலாற்று மாணவன் தலைகுனிந்தேன்.

தெருவோரத்தில் பலர் செய்யும் தவறொன்றையும் அவர் கண்டித்தார். வண்டி திணறினால் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப மாட்டி அனுப்பி விடுகிறோம். வண்டி ஓடும். ஆனால் எழுதியிருந்த கடிதத்தைப் படிக்காமலே அழித்து விட்டோம் அல்லவா?

நிறம் மாறிய காலம்

அவர் தொழில் கற்ற நாளில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயத்தின் படிவும் சேர்ந்து நல்ல பிளக்கிற்கு அழுத்தமான பழுப்பைத் தந்தது. 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்த பிறகு அதே நல்ல பிளக் வெளிறித் தோன்றத் தொடங்கியது. பழைய கண்ணோடு படித்தவர்கள் பலர் தேவையின்றி ஜெட்டைப் பெரிதாக்கி வண்டியைப் புகைய விட்டார்கள் என்று சொல்வார். நூலைப் படித்தால் போதாது. அது எந்தக் காலத்து மையில் எழுதப்பட்டது என்றும் அறிய வேண்டும்.

இப்போது மை மீண்டும் மாறியிருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் 2025-இல் இருபது விழுக்காட்டை எட்டியது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்ஸிஜனைக் கொண்டது. ஒரு கிராம் எத்தனாலுக்கு 9 கிராம் காற்றே போதும். எனவே, பழைய பெட்ரோலுக்கு அளவு வைத்த கார்புரேட்டரில் அதே ஜெட்டோடு இன்றைய பெட்ரோலை ஊற்றினால், கலவை தானாகவே மெலிந்து விடுகிறது. நாம் எந்தத் திருகையும் தொடாமலே! 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளை ஒட்டிப் புதிய வண்டிகளில் கார்புரேட்டர் மறைந்து விட்டது. அவற்றில் புகைக்குழாயில் பொருத்திய உணரி ஒன்று, மிஞ்சிய ஆக்ஸிஜனை ஓயாமல் அளந்து பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் தருகிறது. பழைய வண்டி வைத்திருப்போருக்கு அந்த உணரி நம் கண்ணும் காதும்தான். பழைய ரப்பர் குழாய்களையும் பாருங்கள். எத்தனால் அவற்றைக் கெடுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் பெட்ரோலைத் தேக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை ஈர்த்துக் கொள்ளும்.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை நான் மதரஸாவிலிருந்து வந்து இறங்கியபோது, துணைவியார் வாசலுக்கே வந்து விட்டார். "மறுபடியும் இருமுகிறது" என்றார். இம்முறை நான் சிரிக்கவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் பிளக்கைக் கழற்றினேன். வெளிறியிருந்தது, கொப்புளமில்லை. தக்க சமயம். மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, மறுநாள் காலை காமராஜர் சாலைக்குப் போனோம். அந்த மெக்கானிக் இன்று நம்மிடையே இல்லை. அவருடைய பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது. பின்னால் அமர்ந்து தோளைத் தட்டியது என் மூத்த மகன்.

மதரஸாவிலும் இந்தப் பாடம் எனக்கு உதவியிருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் வகுப்பில் சிறுவன் ஒருவன் இருந்தான். சேட்டை இல்லை, சத்தம் இல்லை. "தங்கமான பிள்ளை" என்று பிறரிடம் காட்டிப் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தேன். ஒருநாள் அந்த வெள்ளைப் பிளக் நினைவுக்கு வந்தது. அருகே அழைத்து மெல்லக் கேட்டேன். தாய் மருத்துவமனையில் படுத்து இருபது நாளாகிறது. யாரிடமும் அவன் சொல்லவில்லை. சேட்டை செய்யும் பிள்ளைகளின் கரி நம் கண்ணில் உடனே படுகிறது. வெளுத்துப் போன பிள்ளையை நாம் சுத்தம் என்று நினைத்து விடுகிறோம்.

வாசகர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டி இருக்கலாம். அடுத்த விடுமுறை நாளில், எஞ்சின் ஆறிய பின், பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். திரும்ப மாட்டும்போது முதலில் கையால் திருகுங்கள். ஸ்பேனர் கடைசியில் போதும். வீட்டில் உள்ளவர்கள் "சத்தம் வேறாக இருக்கிறதே" என்று சொன்னால், அதற்கும் சற்றுச் செவி கொடுங்கள்.

என் மகன் தாடி வளர்த்திருக்கிறான். தழும்பு இப்போது வெளியே தெரிவதில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.